பூனைக்கும் ஒரு மாசம் கொடுங்க

போன வாரம் நண்பர் ஒருவர் தொலைபேசினார். குடும்பத்தோடு கனடா போகிறார். எட்டு வருட சிங்கப்பூர் வாழ்க்கையைப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டிருக்கிறார். சோபா யாருக்கு, வாஷிங் மெஷின் யாருக்கு, கிரைண்டர் யாருக்கு என்று பட்டியல் சொல்லிக் கொண்டே வந்தவர் கடைசியில் சொன்னார்:

"பூனையை மட்டும் பிளாக்குக்குக் கீழ விட்டுடலாம்னு இருக்கோம். பூனைதானேங்க, எங்க விட்டாலும் பொழைச்சுக்கும்."

எனக்கு அந்த நிமிடம் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. போனை வைத்த பிறகுதான் கோபம் வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி. ஏனென்றால் இதே வசனத்தை 2009-ல் நானே சொல்லியிருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நான் தேவிகுளத்துக்காரன். தெரியாதவர்களுக்கு: மூணாறிலிருந்து போடி போகிற சாலையில் ஏழெட்டு கிலோமீட்டரில் வருகிற ஊர். 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன, தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவிலேயே நின்றுவிட்டன. தாலுகா ஆபீஸ் போர்டு மலையாளம், லயத்துக்குள்ளே பேச்சு, சண்டை, தாலாட்டு எல்லாம் தமிழ். அப்பா, அம்மா இரண்டு பேரும் எஸ்டேட்டில் வேலை. நான் பிறந்தது, வளர்ந்தது, பத்தாவது வரைக்கும் படித்தது எல்லாம் லயத்து வீட்டில்தான்.

லயம் என்பது வரிசை வீடு. ஒரே கூரை, ஒரே நீள வராந்தா, சுவருக்குச் சுவர் ஒட்டிய எட்டுக் குடும்பம். லயத்தில் பூனை இல்லாமல் முடியாது. விறகு அடுக்கிய இடத்தில் எலி, அரிசிச் சாக்கில் எலி. எங்கள் வீட்டுப் பூனைக்குப் பேர் சிட்டு. எங்கள் வீட்டுப் பூனை என்று நாங்கள்தான் சொல்லிக் கொண்டோம். அதைக் கேட்டால் லயமே தன்னுடையது என்று சொல்லியிருக்கும். காலையில் ஒரு வீட்டில் மீன் தலை, மத்தியானம் அடுத்த வீட்டு அடுப்படியில் தூக்கம், ராத்திரிக்கு அம்மாவின் கம்பளிக்குள். எட்டு அடுப்பங்கரையும் அதற்கு அத்துப்படி. எந்த வீட்டில் எத்தனை மணிக்கு அடுப்பு பற்றவைப்பார்கள் என்பது அதற்குத்தான் சரியாகத் தெரியும்.

எஸ்டேட்டில் ஐம்பத்தெட்டு வயதானால் ஓய்வு. ஓய்வு என்றால் வேலை மட்டும் போகாது, வீடும் போகும். 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலை பார்க்கிறவர்களுக்கு வீடு தரச் சொன்னது. வேலை முடிந்தால் அந்த வீடு அடுத்த தொழிலாளிக்கு. பிள்ளைகளில் ஒருத்தர் எஸ்டேட் வேலைக்குப் போனால் அந்தப் பேரில் தொடர்ந்து இருக்கலாம். நான் சிங்கப்பூரில், தங்கை திருப்பூரில். ஆக, முப்பத்தைந்து வருடம் விளக்கேற்றிய வீட்டை அம்மா காலி பண்ணியாக வேண்டும். போடியில் சின்னதாக ஒரு வீடு வாங்கியிருந்தோம். நான் பத்து நாள் லீவு போட்டு வந்திருந்தேன்.

அம்மாவுக்கு ஒரே கவலை. "சிட்டுவ என்னடா செய்யிறது?"

"பூனைதானேம்மா. எங்க கொண்டுபோய் விட்டாலும் பொழைச்சுக்கும்."

கோணிச் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, மினி லாரியில் அண்டாவுக்கும் மெத்தைக்கும் நடுவில் வைத்தோம். சுமார் அறுபது கிலோமீட்டர். போடிமெட்டு வரைக்கும் கத்திக் கொண்டே வந்தது. மெட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க ஆரம்பித்ததும் சத்தம் நின்றுவிட்டது. "தூங்கிருச்சு போல" என்றேன் நான், பெரிய மிருக வைத்தியர் மாதிரி. பயந்து போன பூனை கத்துவதை நிறுத்தினால் அது தூக்கம் இல்லை என்று இன்றைக்குத் தெரியும்.

போடியில் இறங்கினால் வெயில். பிறந்ததிலிருந்து ஆயிரத்தெண்ணூறு மீட்டர் உயரத்துக் குளிரில் இருந்த பிராணி அது. வீட்டை பினாயில் ஊற்றிக் கழுவி வைத்திருந்தார்கள். பால் காய்ச்ச இருபது உறவுக்காரர்கள், சாம்பிராணிப் புகை, குழந்தைகள் கூச்சல். நான் சாக்கைக் கொல்லைக்குத் தூக்கிப் போய் அவிழ்த்துவிட்டேன். சிட்டு ஒரு வினாடி நின்றது. சுற்றிப் பார்த்தது. மதில் ஏறிக் குதித்தது. அவ்வளவுதான். அதற்கப்புறம் நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை.

அம்மா ஒரு மாதம் கொல்லையில் தட்டு வைத்தார். தெருப் பூனைகள் வந்து தின்றுவிட்டுப் போயின. "அது தேவிகுளத்துக்கே போயிருக்கும்" என்று அப்பா சமாதானம் சொல்ல, பழைய லயத்துக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். வரவில்லை. ஒரு நாள் போனில் அம்மா சொன்னார்: "அத மட்டும் சொல்லி என்ன செய்ய? எனக்கே இங்க விடியக்காலம் சங்குச் சத்தம் கேக்காம விடிஞ்ச மாதிரியே இல்ல."

இதுதான் கதை. இனி விஷயம்.

"நாய் ஆளைத் தேடும், பூனை வீட்டைத் தேடும்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நாம் நம் வசதிக்குச் சேர்த்துக் கொண்டோம். பூனை வீட்டைத் தேடும், ஆகவே அது நம்மைத் தேடாது, ஆகவே விட்டுவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போடுகிறோம். என் கருத்து நேர் எதிர். வீட்டைத் தேடுகிற பிராணி என்பதால்தான் வீடு மாறும்போது அதற்கு நம் உதவி அதிகம் வேண்டும்.

பூனைக்கு வீடு என்பது சுவரும் கூரையும் இல்லை, வாசனை. கன்னத்திலும் உள்ளங்காலிலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. கதவு மூலையில், மேசைக் காலில், நம் முழங்காலில் கன்னத்தைத் தேய்க்கிறதே, அது கொஞ்சல் மட்டும் இல்லை, "இது நம்ம இடம்" என்று கையெழுத்துப் போடுவது. ஆயிரக்கணக்கான கையெழுத்துகள் சேர்ந்ததுதான் அதன் வீடு. புது வீட்டில் அதில் ஒன்றுகூட இருக்காது. போதாக்குறைக்கு வேறு பூனையின் கையெழுத்து இருக்கலாம். சிட்டு மதில் ஏறியது நன்றி கெட்டதனத்தால் இல்லை. நின்ற இடத்தில் அதற்குத் தெரிந்தது ஒன்றுமே இல்லை.

பெட்டிமுடி ஞாபகம் இருக்கிறதா? 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, ராஜமலைப் பக்கம் மண் சரிந்து லயங்களோடு எழுபது உயிர்களைக் கொண்டு போனது. அதில் ஒரு வீட்டு நாய், குவி என்று பெயர், நாள் கணக்காக ஆற்றோரமே அலைந்து, வீட்டுக் குழந்தையின் உடல் கிடந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தது. தமிழ், மலையாளம் என்று எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. படித்துவிட்டு நான் அழுதேன். கூடவே ஒன்று தோன்றியது. அந்த லயங்களிலும் பூனைகள் இருந்திருக்கும், லயத்தில் இல்லாமல் இருக்காது. நான் படித்த செய்திகளில் பூனை வரவில்லை. பயத்தில் நாய் வெளியே வரும், பூனை ஒளிந்து கொள்ளும். வெளியே தெரிகிற பாசத்துக்கு மட்டும்தான் நாம் மதிப்பெண் போடுகிறோம்.

ஒளிவதைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு உண்டு. நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த பத்தொன்பது பூனைகளில் பத்துக்கு ஒளிந்து கொள்ள ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார்கள், ஒன்பதுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்த பூனைகள் சில நாட்களிலேயே தெளிந்துவிட்டன, மற்றவைக்குக் கூடுதல் நாட்கள் ஆயின. 2014-ல் வெளிவந்தது. செலவு என்ன? ஒரு அட்டைப்பெட்டி. வீடு மாறும் நாளில் நம் எல்லார் வீட்டிலும் நூறு அட்டைப்பெட்டி கிடக்கிறது :-)

போன வருடம் நாங்கள் ஈசூனிலிருந்து பொங்கோலுக்கு வீடு மாறினோம். இந்த முறை கூட மிளகு. (கறுப்புப் பூனை, வேறென்ன பெயர் வைப்பது.) சிங்கப்பூர் நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும், பல வருடம் வீவக வீடுகளில் பூனைக்குத் தடை. 2024 செப்டம்பர் 1-லிருந்து இரண்டு பூனை வரை வளர்க்கலாம் என்று ஆனது. உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும், 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் என்றார்கள். சிட்டுவுக்குச் செய்ததை மிளகுக்குச் செய்யக்கூடாது என்று முடிவு பண்ணி, மிருக வைத்தியரிடம் கேட்டும் படித்தும் செய்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் கூடை. மாறும் நாளில் கூடையைக் காட்டினால் பூனை கட்டிலுக்கடியில் போகும். மூன்று வாரம் முன்பே கூடையைத் திறந்து, உள்ளே பழைய துண்டைப் போட்டு, கூடத்தில் வைத்துவிட்டோம். சாப்பாடும் சில நாள் அதற்குள்ளேயே. கிளம்புகிற நாளில் அதுவே உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. சாக்கு வேண்டவே வேண்டாம் மக்களே. மூச்சு முட்டும், சூடேறும்.

இரண்டாவது, துவைக்காதீர்கள். நம் ஆட்களுக்குப் புது வீடு என்றால் எல்லாம் துவைத்து, தேய்த்து, பளபள என்று இருக்க வேண்டும். பூனையின் துணி, படுக்கை, நகம் பிறாண்டுகிற கட்டை, மணல் தட்டு, இவையெல்லாம் அழுக்காகவே வரட்டும். புது வீட்டில் அதற்குத் தெரிந்த வாசனை அது ஒன்றுதான்.

மூன்றாவது, பினாயில். பினாயில் வகைக் கிருமிநாசினிகள் பூனைக்கு விஷம். அதன் ஈரலுக்கு அந்த ரசாயனத்தை முறிக்கும் சக்தி குறைவு. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினால் உள்ளே போகும். அலமாரியில் போடுகிற அந்துருண்டையும் அப்படியே. தலைவலி என்று மேசையில் வைக்கிற பாரசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும். பால் காய்ச்சிய அன்றைக்கு அதற்கும் ஒரு கிண்ணம் பால் வைப்பது நமக்குத்தான் திருப்தி. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும்.

நான்காவதுதான் முக்கியம். முதலில் ஒரே ஒரு அறை. முழு வீட்டையும் முதல் நாளே திறந்துவிடாதீர்கள். சாமான் இறக்குகிற ஆட்கள் வருவதற்கு முன்பே மிளகைச் சின்ன படுக்கையறையில் விட்டுக் கதவைச் சாத்தினோம். ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர் மூலையில் தண்ணீரும் சாப்பாடும், நடுவில் அட்டைப்பெட்டி. கதவில் மகள் பெரிதாக எழுதி ஒட்டினாள்: "உள்ளே மிளகு. திறக்காதே." பால் காய்ச்ச வந்தவர்களில் பாதிப் பேர் சமையல் சாமான் அறை என்று நினைத்துக் கொண்டார்கள்.

இரண்டு நாள் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. இழுக்கக் கூடாது. மகள் அந்த அறையிலேயே தரையில் உட்கார்ந்து தமிழ்ப் பாடத்தைச் சத்தமாகப் படித்தாள். அதைப் பார்க்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. இரண்டாம் ராத்திரி தட்டு காலி. ஒன்பதாம் நாள் கதவைத் திறந்து வைத்தோம், கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப் போனது. அப்புறம் தினம் கொஞ்சம். இருபத்து நான்காம் நாள் சமையலறைக்கு வந்து பிரிட்ஜ் மூலையில் கன்னத்தைத் தேய்த்தது. "இன்னைக்குத்தான் நாம குடி வந்திருக்கோம்" என்றாள் மனைவி.

கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, ஒரு வேளை சாப்பிடாவிட்டால் பரவாயில்லை. இரண்டு நாள் தாண்டியும் ஒன்றும் தொடவில்லை என்றால் வைத்தியரிடம் ஓடுங்கள், பட்டினி கிடந்தால் பூனைக்கு ஈரலில் கொழுப்பு அடைத்துக் கொள்ளும். இரண்டு, ஆண் பூனை மணல் தட்டில் முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அடைப்பாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

தனி வீடு, தோட்டம் என்று இருக்கிற ஆஸ்திரேலிய, இங்கிலாந்து நண்பர்கள் குறைந்தது மூன்று வாரம் வெளியே விடாதீர்கள். முதல் தடவை விடும்போது சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால், பசியோடு விடுங்கள், தட்டுச் சத்தத்துக்குத் திரும்பி வரும். மைக்ரோசிப்பில் புது முகவரியை மாற்ற மறக்காதீர்கள். அடுக்குமாடிக்காரர்கள் பூனை வருவதற்கு முன்பே ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள். பூனை எங்கிருந்து விழுந்தாலும் தப்பிக்கும் என்பது கதை.

நாடு மாறுகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: சீக்கிரம். விமானச் சீட்டு எடுக்கிற அன்றைக்கே பூனைக் காகிதத்தையும் தொடங்குங்கள். இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்கோ ஐரோப்பாவுக்கோ என்றால் மைக்ரோசிப், வெறிநோய்த் தடுப்பூசி, அதற்கு முப்பது நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. பிரிட்டனுக்கு விமானத்தில் நம் மடியில் வராது, சரக்காகத்தான் வரும். ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேராக அனுப்பவே முடியாது, அவர்கள் அங்கீகரித்த வேறொரு நாட்டின் வழியாகத்தான். இத்தனைக்கும் நடுவில் கனடாதான் லேசு. மூன்று மாதத்துக்கு மேல் வயதான வீட்டுப் பூனைக்குத் தடுப்பூசிச் சான்றிதழ் சரியாக இருந்தால் போதும், தனிமைப்படுத்தல் கிடையாது. என் நண்பர் போகிற நாடு அதுதான்!

"மனுஷனுக்கே வழியில்லை, இதில் பூனைக்கு வேற ராஜ உபசாரமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் ஓய்வு பெற்றவர்கள் போக இடமில்லாமல் நின்றதைப் பார்த்தவன் நான். பெட்டிமுடியில் தப்பித்த எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியார்வேலியில் வீடு கிடைத்தது, ஆனால் மலை முழுக்க இன்னும் லயத்தில்தான் சனம் இருக்கிறது. அந்த அம்மாக்கள் பூனைக்குக் கூடை வாங்கவில்லை என்று நான் குறை சொல்ல மாட்டேன். என் அம்மாவையும் சொல்ல மாட்டேன். சாக்கைக் கட்டியது சம்பளத்தோடு லீவில் வந்த நான். இந்தப் பதிவு என்னைப் போன்றவர்களுக்கு. கன்டெய்னர் பிடித்து சோபாவை அனுப்ப முடிகிறவர்களுக்குப் பூனையை அனுப்ப வழியில்லை என்றால், அது பணத்தின் குறை இல்லை.

உண்மையிலேயே கொண்டுபோக முடியாத நிலை வரலாம். வயதான பூனை, நோயாளிப் பூனை, விசா அவசரம். அப்போதும் தெருவில் விடுவது தீர்வு இல்லை. சிங்கப்பூரிலும் சரி, இந்தியாவில் 1960-ன் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படியும் சரி, அது குற்றம். சட்டத்தை விடுங்கள். வீட்டுக்குள் வளர்ந்த பூனைக்குத் தெருவில் எங்கே தண்ணீர், எந்தப் பூனை அடிக்கும், எந்த நேரம் கார் வரும் என்று ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் முன்பே தேடி, தெரிந்த ஒரு வீட்டில், அதன் அழுக்குத் துணியோடும் கிண்ணத்தோடும் விட்டுவிட்டுப் போகலாம். அதுவும் பொறுப்புதான்.

புலம்பெயர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. இந்த ஊருக்கு வந்த முதல் மாதம் எப்படி இருந்தது? நான் அலுவலகம் விட்டால் அறை, அறை விட்டால் அலுவலகம். கதவைச் சாத்திக் கொண்டு அம்மா கொடுத்தனுப்பிய கம்பளியில் சுருண்டு கிடந்தேன். இட்லிப் பொடி டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடி வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து அப்பா அம்மாவைக் கூட்டி வருகிறோமே, வந்த மறுநாளே சென்டோசா, பூங்கா, நண்பர் வீட்டு விருந்து என்று இழுத்துக் கொண்டு அலைகிறோம், அவர்கள் முகம் ஏன் வாடியிருக்கிறது என்று யோசிக்கிறோமா? அவர்களுக்கும் ஒரு அறை, தெரிந்த ஒரு போர்வை, தொந்தரவு பண்ணாத நாலு நாள் வேண்டும். பூனை என்றாலும் பெரியவர்கள் என்றாலும், பழகிக் கொள்ள நாள் ஆகும்.

நண்பருக்கு நேற்று திரும்பப் போன் பண்ணினேன். சிட்டு கதையைச் சொன்னேன். கனடா விதியையும் சொன்னேன். "யோசிக்கிறேங்க" என்றார். யோசிக்கட்டும். கொண்டுபோக முடியாவிட்டால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாடியே எங்கள் வீட்டில் கொண்டு வந்து விடச் சொல்லியிருக்கிறேன். சின்ன படுக்கையறை இருக்கிறது, அட்டைப்பெட்டியும் இருக்கிறது. வீவக கணக்கில் இன்னும் ஒரு பூனைக்கு இடம் இருக்கிறது. மிளகின் சம்மதத்தைத்தான் கேட்கவில்லை. அதற்கு எப்படியும் ஒரு மாதம் ஆகும்.